ஓலைக்கடியில் தாய், சருகுக்கடியில் பிள்ளை

நாகர்கோவிலிலிருந்து கீரிப்பாறைக்குப் போகும் பஸ் பூதப்பாண்டி, அழகியபாண்டிபுரம், தடிக்காரன்கோணம் என்று தாண்டுவதற்குள் ஜன்னலுக்கு வெளியே மூன்று ஊர் மாறிவிடும். முதலில் வயல். பிறகு தென்னையும் வாழையும் கமுகும் கலந்து நிற்கும் விளைகள். அப்புறம் ரப்பர், மலை வரைக்கும் ரப்பர். 1984இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் அங்கேதான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இந்த அடிவாரத்தை நனைத்துவிட்டுத்தான் போகும். ஆகவே இங்கே விழுந்த ஓலை காய்வதில்லை, மட்கும். இந்தக் கட்டுரைக்கு அது முக்கியமான செய்தி.

போன மழைக்காலத்தில் அப்படியொரு விளையில், கைக்கு எட்டும் உயரத்தில் இருந்த ஒரு கமுகு ஓலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பக்கத்தில் ஐந்தாறு பூச்சிகள். உடம்பு எள்ளுக்கும் அரிசிக்கும் நடுவான அளவு. இறக்கையோ உடம்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் நீளம், ஒடுக்கம், கருமை கலந்த பழுப்பு. அதில் வெள்ளைத் திட்டுகள். ஈயைப் போல் இறக்கையை முதுகில் மடக்கி வைக்காமல், துணி காயப்போட்டதுபோல் விரித்துத் தூக்கிப் பிடித்திருந்தன. விரலைக் கொண்டுபோனால் நேராக ஓடாது. நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும். இன்னும் நெருங்கினால் ஒரு சின்னத் தாவல், அடுத்த ஓலையில் இருக்கும்.

விளைக்குச் சொந்தக்காரப் பெரியவர் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர், என்னையும் பூச்சியையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அது சும்மா இருக்கும் பிள்ளே. ஒண்ணும் செய்யாது.”

“அந்தத் தென்னைக்கு என்ன, அண்ணாச்சி?” ஓலை மஞ்சளடித்து, இலைகள் விலா எலும்புபோல் உள்நோக்கி வளைந்து நின்ற மரத்தைக் காட்டிக் கேட்டேன்.

“அது காத்துவீழ்ச்சையாக்கும். எங்க அப்பன் காலத்துலயே உண்டு.”

ஒன்றும் செய்யாத பூச்சியும் அப்பன் காலத்து நோயும் பத்தடி தூரத்தில் இருந்தன. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது தோட்டப்பயிர் ஆய்வாளர்களின் கட்சி. அந்தக் கட்சியின் பலம் என்ன, பலவீனம் என்ன என்று பார்க்கப்போனால், முதலில் இந்தப் பூச்சி யார், எங்கெல்லாம் இருக்கிறது, எதைத் தின்கிறது என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். மூன்றாவது கேள்விதான் வில்லங்கமானது.

பூச்சியின் அறிவியல் பெயர் புரௌட்டிஸ்டா மோயஸ்டா. வெஸ்ட்வுட் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் 1851இல் விவரித்தது. பழைய நூல்களில் தேடுகிறவர் ஃபெனிஸ் என்ற பேரினப் பெயரில் தேட வேண்டும். மோயஸ்டா என்றால் லத்தீனில் துயரம் கொண்டவள். கருத்த இறக்கையைப் பார்த்து அந்த ஊர்க்காரருக்குத் துக்கம் தோன்றியிருக்கிறது. துக்கத்துக்கு வெள்ளைச் சேலை கட்டிய நம் ஊர்க்காரர் பெயர் வைத்திருந்தால் வேறு எதையாவது சொல்லியிருப்பார்.

தமிழில் இதற்குத் தனிப்பெயர் கிடையாது. வேளாண் துண்டறிக்கைகளில் ‘தத்துப்பூச்சி’ என்று போட்டுவிடுகிறார்கள். நெல்லில் வரும் பச்சைத் தத்துப்பூச்சியும் தத்துப்பூச்சி, வெண்முதுகுத் தத்துப்பூச்சியும் தத்துப்பூச்சி, இதுவும் தத்துப்பூச்சி. குருவி, கொக்கு, கழுகு எல்லாவற்றுக்கும் ‘பறப்பது’ என்று ஒரே பெயர் வைத்ததுபோல. பச்சைத் தத்துப்பூச்சி இலைத்தாவிகளின் குலம். வெண்முதுகும் புகையானும் நம் புரௌட்டிஸ்டாவும் செடித்தாவிகளின் குலம். இரண்டு குலங்களும் பிரிந்து கோடிக்கணக்கான ஆண்டுகளாகின்றன. நெல்லைத் தாக்கும் நிலபர்வட்டா லூகென்ஸ் என்ற ஒரேயொரு செடித்தாவிக்கு மட்டும் விவசாயி ஆசையாசையாகப் பெயர் வைத்தான்: புகையான். வயலில் வட்டவட்டமாகப் பயிர் புகைந்து கருகியதுபோல் ஆவதைக் கண்டு வைத்த பெயர். சோற்றில் கை வைத்தவனுக்குத்தான் தனிப்பெயர் கிடைக்கிறது.

இலைத்தாவியையும் செடித்தாவியையும் பிரித்துப் பார்க்க நல்ல கைலென்ஸ் ஒன்று போதும். இலைத்தாவியின் பின்னங்காலில் சீப்புப் பல்போல் முட்கள் வரிசையாக நிற்கும். செடித்தாவிக்கு அந்த வரிசை இல்லை. அதன் உணர்கொம்பு கண்ணுக்குக் கீழே முளைத்திருக்கும், அடியிலிருந்து இரண்டாவது கணு உருண்டு பருத்திருக்கும். முன்னிறக்கையின் அடிப்பகுதியில் இரண்டு நரம்புகள் சேர்ந்து கவட்டைக்குச்சிபோல் ஒன்றாகும். செடித்தாவிகளுக்குள் புகையானின் குடும்பத்தை அறிய இன்னும் சுலபமான அடையாளம் உண்டு. பின்னங்காலில் சேவலின் குதிமுள்போல் அசையக்கூடிய ஒரு முள். புரௌட்டிஸ்டாவுக்கு அது இல்லை. அது சேர்ந்த டெர்பிடே குடும்பத்துக்கு அடையாளம் வாயில் இருக்கிறது: உறிஞ்சுகுழலின் கடைசிக் கணு மிகக் குட்டை, நீளமும் அகலமும் ஏறத்தாழ ஒன்று. மற்ற செடித்தாவிகளுக்கு அந்தக் கணு நீண்டிருக்கும்.

ஆக, கமுகு ஓலையில் நான் கண்டது டெர்பிடே என்று லென்ஸை வைத்தே சொல்லலாம். புரௌட்டிஸ்டா என்று இறக்கையின் வடிவத்தையும், பின்னிறக்கை மிகச் சிறுத்துப்போயிருப்பதையும் வைத்துத் துணிந்து சொல்லலாம். மோயஸ்டாதானா என்பதற்கு ஆண்பூச்சியைப் பிடித்து வயிற்று நுனியைக் கரைசலில் தெளிவாக்கி, இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். புள்ளியும் நிறமும் ஏமாற்றும். புதிதாகத் தோலுரித்தது வெளிறியிருக்கும். நாளான பூச்சி மெழுகுத்தூள் உதிர்ந்து கறுத்திருக்கும். கைபேசிப் படத்தைப் பார்த்துச் சிற்றினத்தின் பெயரையே எழுதிவிடும் இன்றைய பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

ஓலையைத் திருப்பினால் இப்போதெல்லாம் முதலில் கண்ணில் படுவது வேறு. 2016இல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ அடிப்பக்கத்தை வெள்ளைச் சுருளாக அப்பி வைத்திருக்கிறது. அந்த வெள்ளைக்கு நடுவே ஐந்தாறு கறுத்த இறக்கைகளை யார் கவனிக்கப்போகிறார்கள்? அதே ஓலையில் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் இருக்கலாம். சரிகை வேலைப்பாடுபோன்ற இறக்கை கொண்ட ஸ்டெபானிட்டிஸ் டிப்பிக்கா அது. வாழையில் மிகச் சாதாரணம், தென்னைக்கும் வரும். இந்த இரண்டாவது பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், காற்றுவீழ்ச்சை வழக்கில் இதுவும் ஒரு குற்றவாளி.

பரவலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இந்தியா, இலங்கையிலிருந்து கிழக்கே தென்கிழக்காசியா முழுக்க இதன் பதிவுகள் உண்டு. ஈரமும் வெப்பமும் பனையினங்களும் சேர்ந்த இடமெல்லாம் இதன் ராஜ்ஜியம். ஆனால் எந்தப் பூச்சியின் பரவல் வரைபடத்தையும் நான் இரண்டு தடவை பார்ப்பேன். அது பூச்சி எங்கே இருக்கிறது என்பதை மட்டுமல்ல, பூச்சி பார்க்கிறவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதையும் காட்டும். கேரளத்தில் புள்ளிகள் நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் அங்கே காயங்குளத்தில் 1947இலேயே தென்னை ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. பசிபிக் தீவுகளின் டெர்பிடே பூச்சிகளைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம் ஃபிரெடரிக் மூய்ர் என்ற மனிதர். ஹவாய் கரும்புத் தோட்டக்காரர்கள், தங்கள் கரும்பைச் சாறு உறிஞ்சிக் கொன்ற ஒரு செடித்தாவிக்கு எதிரியைத் தேடி அவரைத் தீவுதீவாக அனுப்பினார்கள். அவர் கொண்டுவந்த முட்டைதின்னி நாவாய்ப்பூச்சி 1920இல் ஹவாயில் இறங்கிக் கரும்பைக் காப்பாற்றியது. போகிற போக்கில் அவர் செடித்தாவிகள் அத்தனைக்கும் பெயர் வைத்துக்கொண்டே போனார். சர்க்கரைக் கம்பெனியின் காசில் எழுதப்பட்டதுதான் டெர்பிடே குடும்பத்தின் பாதி வரலாறு. கீரிப்பாறைக்கு அப்படி ஒரு மூய்ர் வரவில்லை.

இனி உணவுச் செடி.

பட்டியலைச் சொல்லிவிடுகிறேன்: கரும்பு, மக்காச்சோளம், சோளம், நெல், வாழை, தென்னை, கமுகு, எண்ணெய்ப்பனை. புல்லினத்தில் தொடங்கிப் பனையினம் வரை. இதைப் படிக்கிற யாருக்கும் கண்டதையும் தின்கிற பூச்சி என்றுதான் தோன்றும். பாடப்புத்தகம் இதற்கு ‘ஓம்புயிர்’ என்று ஒரு நல்ல சொல் வைத்திருக்கிறது. ஓம்புதல் என்றால் காப்பது, ஊட்டி வளர்ப்பது. விருந்தோம்பல் என்பதிலும் அந்த ஓம்பல்தான். ஆனால் இந்தப் பட்டியலில் உள்ள எந்தச் செடி இந்தப் பூச்சியை ஓம்புகிறது?

தென்னை ஓலையில் எத்தனை நூறு புரௌட்டிஸ்டாவைப் பார்த்தாலும் இறக்கை முளைத்த பெரியவைதான் இருக்கும். குஞ்சு ஒன்றுகூட இருக்காது. டெர்பிடே குடும்பத்தின் இளங்குஞ்சுகள் ஓலையில் பிறப்பதில்லை. அழுகும் மரக்கட்டையின் பட்டைக்கு அடியில், மட்கும் சருகுக் குவியலில், ஈரம் வற்றாத குப்பையில் அவை வளர்கின்றன. அங்கே படரும் பூஞ்சையின் வெண்ணிழைகளில் உறிஞ்சுகுழலை வைத்து உயிர் வாழ்கின்றன. பிள்ளைப்பருவம் முழுக்கக் காளான் சாறு. இறக்கை முளைத்த பிறகு பச்சை ஓலையின் சாறு. அம்மா குடியிருக்கும் வீட்டு எண் பிள்ளைக்குத் தெரியாது.

ஆகவே ‘உணவுச் செடி’ என்று ஒரே தலைப்பில் எழுதுவது மூன்று வேறு விஷயங்களை ஒரே சாக்கில் கட்டுவது. பூச்சி உட்காரும் செடி ஒன்று, சாறு குடிக்கும் செடி ஒன்று, பிள்ளை வளரும் இடம் இன்னொன்று. வலைவீசிப் பிடித்தவர் முதலாவதைத்தான் பார்த்தார். சோளத்தட்டையில் பிடித்தால் சோளம் என்று எழுதினார். அது அங்கே குடித்ததா, பக்கத்துத் தோப்பிலிருந்து காற்றில் வந்து இளைப்பாறியதா என்பதை வலை சொல்லாது. இளங்குஞ்சு வளர்ந்த இடத்தைக் கண்டு, அதைப் பெரியதாக்கிப் பார்த்து எழுதிய பதிவுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. என் எண்ணம், இந்தப் பட்டியலில் பாதி தங்கும் விடுதிகளின் பட்டியல்.

இதற்கு நேரெதிர் உதாரணம் நாஞ்சில் நாட்டு வயலிலேயே இருக்கிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவங்களிலும் தலைகாட்டும் புகையான் நெல்லின் அடித்தாளில் முட்டையிடும், அங்கேயே பொரிக்கும், அங்கேயே ஐந்து தடவை தோலுரித்துப் பெரிதாகும், அங்கேயே சாறு குடிக்கும். நெல்லையும் காட்டுநெல்லையும் விட்டால் அதற்கு வேறு போக்கிடம் அநேகமாக இல்லை. உட்காருவது, குடிப்பது, வளர்வது மூன்றும் ஒரே செடி. அந்தப் பதிவிரதைத்தனம்தான் அதை அபாயகரமாக்கியது. 1973–74இல் கேரளத்தில் குட்டநாட்டைச் சூறையாடியபோது அது கண்கூடாகத் தெரிந்தது. ஆனால் அதே பதிவிரதைத்தனம்தான் அதற்கு எதிரான ஆயுதத்தையும் தந்தது. நெல்லை மாற்றினால் பூச்சிக்குக் கதியில்லை அல்லவா? பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் எதிர்ப்புச் சக்தி உள்ள ரகங்களைத் தேடினார்கள். முட்கோ என்ற இந்திய ரகத்தில் முதல் எதிர்ப்பு மரபணு கிடைத்தது. இரண்டாவது, கீரிப்பாறை மலையின் மறுபக்கத்தில் அம்பாசமுத்திரம் நெல் நிலையம் தந்த ஏஎஸ்டி 7 என்ற ரகத்தில். முதல் மரபணுவை வைத்து 1973இல் வந்த ஐஆர் 26 சில ஆண்டுகளே தாக்குப்பிடித்தது, பூச்சி அதற்கும் பழகிக்கொண்டது. இருந்தாலும் இந்த விளையாட்டை விளையாட முடிந்தது.

புரௌட்டிஸ்டாவிடம் இந்த விளையாட்டு செல்லாது. அது தென்னையை நம்பிப் பிறக்கவில்லை. நீங்கள் என்ன தென்னை நட்டாலும் அதன் பிள்ளைக்குக் கவலையில்லை.

இப்படி இருவேறு வாழ்க்கை வாழும் பூச்சி இது ஒன்றுதானா என்றால், தென்னை நோய்களின் உலக வரலாறு இதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தென்னைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற மஞ்சள் மரண நோயைப் பரப்புவது சிக்ஸிடே குடும்பத்துச் செடித்தாவி ஒன்று என்று 1983இல் நிரூபித்தார்கள். ஹேப்லாக்சியஸ் க்ரூடஸ் என்பது அதன் இன்றைய பெயர். பெரியது தென்னை ஓலையில், பிள்ளை புல்லின் வேரில். மரத்தடியில் எந்தப் புல்லை வளர்க்கிறீர்கள் என்பதே மரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் என்று ஆனது. பசிபிக்கில் வனுவாத்து தீவுகளில் தென்னை ஓலை வாடும் இன்னொரு நோய். அங்கே கிருமி ஒரு வைரஸ். அதைக் கொண்டுவருவதும் சிக்ஸிடேதான். அதன் பிள்ளைகள் வளர்வது நீர்ப்பருத்தி மரத்தின் வேரில், நம் கடலோரக் கழிமுகங்களிலும் மஞ்சள் பூப்பூத்து நிற்கிறதே அந்த மரம். தென்னையையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வெகுநாள் பிடிபடாத விஷயம், பக்கத்தில் நின்ற வேலிமரத்தில் இருந்தது.

அதனால்தான் நம் ஊர்க் காற்றுவீழ்ச்சைக்கு வரும்போது நான் ஓலையைவிட்டுக் கீழே பார்க்கச் சொல்கிறேன்.

நோயின் கதை பெரியது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண் என்பதால் நோயின் பெயரும் அங்கிருந்தே வந்தது. பொள்ளாச்சிப் பக்கத்தில் இதையே ‘கேரளா வாடல்’ என்கிறார்கள், துண்டறிக்கையில் ‘வேர்வாடல்’. வேர் அழுகுவது உண்மைதான், ஆனால் பார்த்தவுடன் தெரிவது ஓலை தளர்ந்து வளைவதுதான். ஆகவே பெயர்களில் மலையாளத்துக்காரர் வைத்ததே பொருத்தம் என்பேன். 1882இல் பெருவெள்ளத்துக்குப் பிறகு ஈராட்டுப்பேட்டையில் முதலில் கவனித்ததாகப் பதிவு. 1907 வாக்கில் திருவிதாங்கூர் அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் பூஸா வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பட்லர் என்ற பூஞ்சையியலாளர் வந்து பார்த்து, 1908இல் அறிக்கை கொடுத்தார். அவர் பூஞ்சைக்காரர், பூஞ்சையைக் கண்டார். பின்னால் வந்தவர்கள் நூற்புழுவைக் கண்டார்கள், வைரஸைத் தேடினார்கள், சத்துக்குறைவைச் சொன்னார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல. ஃபைட்டோபிளாஸ்மா என்று ஒரு கிருமி வகை இருக்கிறது என்பதே உலகத்துக்குத் தெரிந்தது 1967இல், ஜப்பானில் மல்பெரிச் செடியைப் பார்த்தபோதுதான். செல்சுவர் இல்லாத பாக்டீரியா அது. செடியின் உணவு ஓடும் புளோயக் குழாய்க்குள் குடியிருக்கும், வெளியே எடுத்து வளர்க்க முடியாது. 1983இல் காயங்குளத்து ஆய்வாளர்கள் நோயுற்ற தென்னையின் திசுவில் எலக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் அதைக் கண்டார்கள். வெள்ளத்திலிருந்து நுண்ணோக்கிக்கு ஒரு நூற்றாண்டு. இதற்கிடையில் 1980களின் நடுவில் கேரளத்தின் எட்டு மாவட்டங்களில் எடுத்த கணக்குப்படி ஆண்டுக்கு 96.8 கோடித் தேங்காய் நட்டம். இந்த நோய் மரத்தைக் கொல்லாது. வைத்து வைத்து வாட்டும், காய்ப்பைக் குறைத்துக்கொண்டே போகும். வெட்ட மனம் வராது, வைத்திருக்கவும் பிரயோசனம் இல்லை.

புளோயத்தில் இருப்பதை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோக, புளோயத்தில் வாய் வைக்கும் பூச்சி வேண்டும். இங்கேதான் இருவரும் கூண்டில் ஏறுகிறார்கள். கண்ணாடி இறக்கைப் பூச்சியை நோயுள்ள மரத்தில் ஊட்டவிட்டு, வலைக்கூண்டுக்குள் இருக்கும் நலமான கன்றுகளில் விட்டுப் பார்த்த சோதனையின் முடிவு 1990இல் வந்தது: நோய் தொற்றுகிறது. புரௌட்டிஸ்டாவும் அதே குற்றத்தைச் செய்கிறது என்பதைப் பின்னால் காட்டினார்கள். கமுகின் மஞ்சள் இலை நோய் 1914இலிருந்தே மத்திய கேரளத்தில் பதிவானது. அதைப் பரப்புவதிலும் புரௌட்டிஸ்டாவின் பெயர்தான் அடிபடுகிறது. பிற்காலத்து மரபணுச் சோதனைகள் காற்றுவீழ்ச்சைக் கிருமியை நெல்லின் மஞ்சள் குட்டை நோய்க் கிருமிக் கூட்டத்தில் சேர்த்தன. வயலில் ஒரு சொந்தம், விளையில் ஒரு சொந்தம்.

வழக்கில் எனக்கு இருக்கும் உறுத்தலையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் உறவினர்கள் பொதுவாக இலையின் சதைப்பகுதியைத்தான் உறிஞ்சுவார்கள், புளோயத்தை அல்ல. ஆகவே அதன்மேல் குற்றம் சாட்டியபோது முதலில் பலரும் முகம் சுளித்தார்கள். தென்னையில் அதன் உறிஞ்சுகுழல் புளோயம்வரை போகிறது என்று தனியாகக் காட்ட வேண்டியிருந்தது. புரௌட்டிஸ்டாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை, செடித்தாவிகள் பிறவியிலேயே புளோயக் குடிகாரர்கள். உடற்கூறை வைத்துப் பார்த்தால் புரௌட்டிஸ்டாவே பொருத்தமான ஆள். ஆனால் அதற்கு வேறொரு சிக்கல். பெரும்பாலான நோய்பரப்பித் தாவிகள் குஞ்சாக இருக்கும்போதே நோயுள்ள செடியில் குடித்துக் கிருமியை வாங்கிவைத்துக்கொள்ளும். கிருமி பூச்சியின் குடலைத் தாண்டி, உடம்பில் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். காளான் சாறு குடித்து வளரும் குஞ்சுக்குத் தென்னையின் கிருமி எங்கிருந்து கிடைக்கும்? ஆக, இறக்கை முளைத்த பிறகே முதல் தொற்று. அந்த வாரங்கள் கழிந்தும் உயிரோடு இருக்கிற கிழட்டுப் பூச்சிதான் நோய் பரப்ப முடியும். ஓலையில் உட்கார்ந்திருக்கும் நூறில் எத்தனை அப்படிப்பட்டவை என்பதுதான் கேள்வி. தலையை எண்ணிப் பயப்படுவதில் பயனில்லை, வயதை எண்ண வேண்டும்.

ஃபுளோரிடாவிலும் பூச்சி புல்வேரிலிருந்து வெறுங்கையோடுதான் மரத்துக்கு வருகிறது, ஆனாலும் அங்கே தென்னைகள் செத்தன. ஆகவே இதை வைத்துப் புரௌட்டிஸ்டாவை விடுதலை செய்துவிட முடியாது. ஆனால் பூச்சிமருந்துக்காரர் சொல்வதுபோல் ஓலையில் மருந்தடித்துத் தீர்த்துவிடலாம் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். அறுபது எழுபதடி மரத்தின் கொண்டைக்கு மருந்து அனுப்புவது ஒருபக்கம். அனுப்பினாலும் அடுத்த வாரம் சருகிலிருந்து புதிய கூட்டம் ஏறும். அவற்றுக்குத் தென்னையில் மருந்தடித்த செய்தியே தெரியாது.

சருகு என்று வரும்போது ஒரு முரண் இருக்கிறது. காற்றுவீழ்ச்சை கண்ட விளைக்கு நிபுணர்கள் சொல்லும் வைத்தியத்தில் பாதி, தடத்தில் தழையுரம் இடுவது, தொழுவுரம், மட்கு, வாழை ஊடுபயிர். நோயைத் தீர்க்காது, மரத்தைத் தாங்கவைக்கும், காய்ப்பு கொஞ்சம் கூடும். அது அனுபவத்தில் கண்டது, நானும் மறுக்கமாட்டேன். ஆனால் மட்கும் தழையும் அழுகும் வாழைத்தடையும் புரௌட்டிஸ்டாவின் தொட்டில்கள். வாழையோ கண்ணாடி இறக்கைப் பூச்சிக்குத் தாய்வீடு. ஒரு கையால் மரத்துக்குச் சோறு போடுகிறோம், மறுகையால் தூதுவர்களுக்குப் பால் வார்க்கிறோம். மட்கு போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் மரம் முதலில் போகும். எந்தக் குப்பையில் குஞ்சு அதிகம், எதில் குறைவு என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். நன்றாக மட்கிய உரத்தில் பூஞ்சை இழை குறைந்திருக்கும். பாதி அழுகிய தடையிலும் கமுகம் பாளையிலும் வெள்ளை வெளேர் என்று படர்ந்திருக்கும். இரண்டும் ஒன்றல்ல.

கீரிப்பாறை ஏன் இதற்கு ஏற்ற இடம் என்பதும் இதிலேயே இருக்கிறது. இங்கே ரப்பர், கமுகு, வாழை, தென்னை, மலையேறினால் கிராம்பு, அதற்கப்பால் காடு, எல்லாம் ஒரு கல்லெறி தூரத்துக்குள். பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்யும்போது வேர்க்கட்டைகளும் கிளைகளும் மண்ணில் மட்கிக்கிடக்கும். ரப்பர் மரத்துக்கும் தென்னை நோய்க்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் ரப்பர்க் கட்டையின் பூஞ்சைக்கும் தென்னை ஓலையின் பூச்சிக்கும் உறவு இருக்கலாம். அப்படி இருந்தால் ‘உணவுத் தாவரங்கள்’ பட்டியலில் ரப்பரையும் சேர்க்க வேண்டியிருக்கும், அதன் இலையில் ஒரு பூச்சிகூட உட்காராவிட்டாலும். பட்டியல் எவ்வளவு அபத்தமானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, திருப்பதிசாரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம். ஒரு மாணவர் இரண்டு மழைக்காலம் சருகைக் கிளறினால் போதும்.

பூச்சியை விட்டுவிட்டு நோயைத் தாங்கும் மரத்தைத் தேடுவது இன்னொரு வழி. காயங்குளத்துக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். நோய் மிகுந்த தோப்புகளில் நோயின்றி நின்ற மரங்களைத் தேடிப் பிடித்து, கல்பரக்ஷா, கல்பஸ்ரீ என்ற குட்டை ரகங்களையும் கல்பசங்கரா என்ற கலப்பையும் வெளியிட்டார்கள். புகையானுக்கு எதிராக நெல்லில் தேடியது பூச்சிக்கு எதிர்ப்பு. இங்கே தேடியது கிருமிக்கு எதிர்ப்பு. பூச்சி வந்து உட்காரட்டும், குடிக்கட்டும், ஒன்றும் ஆகாது என்பது இந்த ரகங்களின் வாக்குறுதி. பெரியவர் சொன்ன “சும்மா இருக்கும்” அப்போதுதான் உண்மையாகும்.

அன்று திரும்பும் முன் பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, கமுகடியில் கிடந்த ஓர் அழுகிய வாழைத்தடையைப் புரட்டினேன். மழையட்டை இரண்டு சுருண்டன. பட்டைக்குள் வெள்ளைப் பூஞ்சை. அதன்மேல் வெளிர் நிறத்தில், வால்பக்கம் மெழுகுப் பஞ்சு ஒட்டிய மூன்று குட்டிப் பூச்சிகள் தத்திப் பள்ளத்துக்குள் ஒளிந்தன. செடித்தாவிக் குஞ்சு என்று சொல்லலாம், டெர்பிடே என்று ஆசைப்படலாம். குஞ்சை வைத்துச் சிற்றினம் சொல்ல முடியாது. இறக்கை முளைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

“இதுவும் ஒண்ணும் செய்யாதுல்லா?” என்றார் பெரியவர் எட்டிப்பார்த்து.

தடையை ஒரு துண்டு வெட்டி, பூஞ்சையோடும் பூச்சியோடும் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, வாயில் வேட்டித்துணி கட்டிக் கொண்டுவந்தேன். இப்போது அது பின்வராந்தாவில் நிழலில் இருக்கிறது. ஈரம் வற்றினால் பூஞ்சை சாகும், பூஞ்சை செத்தால் குஞ்சும் போகும். தண்ணீர் தெளிக்க மறந்துவிடாமல் இருக்க, அதைக் காலைக் காப்பி நேரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.